ராக் பாடல்களும் தணிக்கையும்

ஆசிரியருக்கு,

ராக் இசையில் பாலியல் மீதான தணிக்கை தளர்ந்துவிட்டது என்பது பாதி உண்மைதான். 1957 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் நிகழ்ச்சி, பாடகர் எல்விஸ் பிரெஸ்லியை இடுப்புக்கு மேலேதான் காட்டியது. 1967-இல் அதே மேடையில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு, 'இரவைச் சேர்ந்து கழிப்போம்' என்ற பாட்டின் 'இரவை' 'கொஞ்ச நேரம்' ஆக்கிப் பாட நேர்ந்தது.

பாடல் வரிகள் குறித்த 1985 செனட் விசாரணையை ஒட்டி அமெரிக்காவில் ஆல்பங்களில் வந்த, ஆபாச வரிகள் பற்றிய எச்சரிக்கை ஸ்டிக்கர் சட்டமல்ல. இசை நிறுவனங்களே ஒட்டியது. கடிவாளம் உண்மையில் கடைகளிடம் இருந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய ஆல்பங்களை வால்மார்ட் விற்க மறுத்ததால், சொற்களை வெட்டிய தனிப் பதிப்புகளை நிறுவனங்கள் வெளியிட்டன. (விடலைகளுக்கு அந்த ஸ்டிக்கரே விளம்பரம்!)

2021-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'பிரவுன் சுகர்' பாடலை எவரும் தடைசெய்யவில்லை. அடிமைப் பெண் மீதான வன்முறையைத் துள்ளல் தாளத்தில் பாடலாமா என்ற விமர்சனம் வலுத்தபின், ஸ்டோன்ஸ் தாங்களே அதை அமெரிக்கச் சுற்றுப்பயணத்திலிருந்து விலக்கினர்.