எங்கை புலம்பெயர்ந்தனாங்கள்? – செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலிருந்து வெளிவரும் தமிழ் நாளிதழ்களின் செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையின் பின்னறையில் இருந்து சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு செய்கிறேன். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, பொலிஸ் முறைப்பாடு என்று வருவதில் பாதி, வெளிநாடு போனவர்களுக்கோ போகப்போகிறவர்களுக்கோதான். அந்தக் கட்டுகளோடு உங்கள் பத்திரிகைத் துண்டுகளும் என் மேசைக்கு வரும்.

போன மாதம் கோப்பாயிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகன் ஐரோப்பாவில் அசைலம் அடித்திருக்கிறான், அதாவது புகலிடம் கேட்டிருக்கிறான். குடும்பம் பட்ட பாட்டுக்கு ஆதாரம் வேண்டும் என்று வழக்கறிஞர் கேட்டாராம். பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த ஒரு பத்திரிகைத் துண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தின் வலிகாமத்து மக்கள் ‘புலம்பெயர்ந்தனர்’ என்று அதில் இருந்தது. வாசித்துக் காட்டினேன்.

“எங்கை பிள்ளை புலம்பெயர்ந்தனாங்கள்? மழைக்குள்ளை நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரிக்கெல்லோ போனனாங்கள்” என்றார். சாவகச்சேரியும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள்தான்.

அதே உறைக்குள் மகனின் பிறப்புச் சான்றிதழும் இருந்தது. 1998, யாழ்ப்பாணம். எழுதியிருப்பதை எழுதியபடிதான் நான் மொழிபெயர்க்கலாம். திருத்தினால் செய்த சத்தியம் என்னாவது? ஆனால் அப்படியே கொடுத்தால், 1995இல் நாட்டை விட்டுப் போன குடும்பத்துக்கு 1998இல் யாழ்ப்பாணத்தில் எப்படிப் பிள்ளை பிறந்தது என்று அங்குள்ள அதிகாரி கேட்பார். கேட்டால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

நாட்டுக்குள்ளேயே ஊர் மாறி ஓடினால் அது இடப்பெயர்வு. 95 இடப்பெயர்வு என்றுதான் யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும். நாட்டின் எல்லை தாண்டினால்தான் புலம்பெயர்வு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புத்தளம் போய்ச் சேர்ந்த முஸ்லிம்கள் தங்கள் கதையை ‘வெளியேற்றம்’ என்பார்கள். அது இன்னும் பொருத்தம்; அவர்கள் தாங்களாகப் பெயரவில்லையே. கடல் கடந்து தமிழ்நாட்டின் மண்டபம் முகாமுக்குப் போனவர் அகதி. அந்த அம்மாவின் மகன், முடிவு வரும்வரைக்கும், புகலிடக் கோரிக்கையாளர்.

இதைவிட எனக்குத் தலையிடி தருவது ‘மீள்குடியேற்றம்’. நம் நாட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்: முகாமில் இருந்தவர் சொந்தக் காணிக்குத் திரும்புவது. ஐக்கிய நாடுகள் அகதிகள் முகவரகம் சொல்லும் மீள்குடியேற்றம் வேறு. தஞ்சம் கேட்டு ஒரு நாட்டில் இருப்பவரை இன்னொரு நாடு ஏற்றுக்கொண்டு நிரந்தரமாகக் குடியமர்த்துவது அது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் இலங்கை இணையவில்லை. அதனால் நீர்கொழும்பில் இருந்த பாகிஸ்தான் அஹ்மதியா முஸ்லிம்களும் ஆப்கானியரும் இங்கே நிரந்தரமாகத் தங்க வழியில்லாமல், இன்னொரு நாடு கூப்பிடும் என்றுதான் காத்திருந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு, இருந்த வீடுகளையும் விட்டு ஓடவேண்டி வந்தது. அந்த நேரத்தில் ‘அகதிகள் மீள்குடியேற்றப்படுவர்’ என்று மொட்டையாக ஒரு தலைப்புப் போட்டால் வாசிக்கிறவர் என்ன நினைப்பார்? பக்கத்து வளவில் காணி கொடுக்கப்போகிறார்கள் என்றுதான். ‘மூன்றாம் நாட்டில்’ என்று இரண்டு சொல் சேர்த்தால் போதும்; தலைப்பில் அதற்கு இடம் இருக்கும்.

குடிவரவு, குடியகல்வு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பத்தரமுல்லையில் கடவுச்சீட்டுக்கு வரிசையில் நின்ற எவரும் பெயர்ப்பலகையில் இரண்டையும் பார்த்திருப்பார். எந்த நாட்டில் நின்று பேசுகிறோம் என்பதுதான் கணக்கு: கட்டுநாயக்கவில் குடியகன்றவர், ரொறன்ரோவில் இறங்கும்போது குடிவரவாளர். ஆனாலும் ‘கனடாவின் குடியகல்வு அமைச்சர்’ என்று அச்சில் வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆட்களை வெளியே அனுப்பும் வேலையை ஓர் அமைச்சின் பொறுப்பில் வைத்திருப்பது நாங்கள், அதற்குப் பெயர் வெளிநாட்டு வேலைவாய்ப்பு. கனடா அமைச்சர் பார்ப்பது குடிவரவு.

இரவுப் பணியில் இரண்டு பேர் பத்துப் பேரின் வேலையைச் செய்கிறீர்கள் என்று தெரியும். அந்த அம்மாவின் துண்டை உள்ளபடியே மொழிபெயர்த்து, அடியில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக நாலு வரி சேர்த்தேன். அதை அதிகாரி ஏற்பாரா, மாட்டாரா, தெரியாது. ஒக்டோபர் 30 மறுபடி வரும், நினைவுச் செய்தியும் வரும். பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டும்போது அந்த ஒரு சொல்லை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்