மைக் கட்டின ஆட்டோவில் இன்னும் மூன்று வரி சேர்த்துச் சொல்லுங்கள்

எங்கள் வட்டாரச் சுகாதாரத் துறை அலுவலர்களுக்கும் ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த வருஷக் காய்ச்சல் எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தெருவில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்பது உங்கள் பதிவேட்டிலேயே இருக்கும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை மைக் கட்டின ஆட்டோ எங்கள் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தது. "டெங்கு உயிரைப் பறிக்கும், அலட்சியம் வேண்டாம், தண்ணீரைத் தேக்கி வைத்தால் அபராதம்." அவ்வளவுதான். உயிர் போகும் என்கிறீர்கள், சரி. போகாமல் இருக்க எதைக் கவனிக்க வேண்டும், எப்போது ஓடி வர வேண்டும், யாரைக் கேட்க வேண்டும்? அதில் ஒன்றுகூட அந்த மைக்கில் வரவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் அண்ணி கதையைச் சொல்கிறேன். அண்ணன் ஓசூரில் கம்பெனி வேலை, வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். பையனுக்குக் காய்ச்சல் கண்டதும் அண்ணி தனியாகவே தூக்கிக்கொண்டு போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் சீட்டை வாங்கினார். ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்கள் (பிளேட்லெட்) 82,000 என்று இருந்தது. பக்கத்தில் சாதாரண அளவு ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை என்று அச்சடித்திருந்தது. சீட்டைக் கொடுத்தவர் "கவுண்ட் இறங்கியிருக்கு, பாத்துக்கோங்க" என்றார். எதைப் பார்த்துக்கொள்வது? அன்று ராத்திரி முழுக்க அண்ணி பையனின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அசந்து தூங்கிய பிள்ளையைத் தட்டித் தட்டி எழுப்பினார். விடிந்ததும் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சேலத்துக்குப் போகலாமா பெங்களூருக்குப் போகலாமா என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் தருமபுரியில் ஒரு டாக்டர் அந்தச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு அவரிடம் கேட்டார்: "ஏம்மா, பையன் ஒண்ணுக்குப் போறானா? தண்ணி குடிக்கிறானா? வயிறு வலிக்குதுங்கறானா? ஈறுல ரத்தம் வருதா?" போகிறான், குடிக்கிறான், வலி இல்லை, ரத்தம் இல்லை என்றார் அண்ணி. வெறும் எண்ணிக்கையை வைத்துப் பயப்படாதே, நாளைக்கு மறுபடி ஒரு ரத்தப் பரிசோதனை செய்வோம் என்றார் டாக்டர். காய்ச்சல் விட்ட பிறகு வருகிற ஒன்றிரண்டு நாள்தான் கவனிக்க வேண்டிய நாள், அப்போது வயிற்று வலியோ விடாத வாந்தியோ ரத்தக் கசிவோ சோர்ந்து போவதோ தெரிந்தால் உடனே வா என்றும் சொல்லி அனுப்பினார். காய்ச்சல் விட்டால் பிழைத்துக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டிருந்த வீடு இது! டாக்டர் பேசியது ஐந்து நிமிஷம்கூட இருக்காது. இதை மைக்கில் சொன்னால் எவ்வளவு பெட்ரோல் கூடுதலாக ஆகிவிடும்?

பையன் தேறிப் பள்ளிக்கூடம் போகிறான். அண்ணி இன்னும் தேறவில்லை. ஆட்டோ மைக் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிட்டுப் போகிறது. இது இதயக் கோளாறா என்று ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. அப்புறம்தான் நான் 14416-க்குப் போன் போட்டுக் கொடுத்தேன். டெலிமானஸ் என்று 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய மனநல உதவி எண் அது. காசு இல்லை, இருபத்து நாலு மணி நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். எதிர்முனையில் இருந்த அம்மா அண்ணியை வெறுங்காலைத் தரையில் நன்றாகப் பதித்துக்கொள்ளச் சொல்லி, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நிதானமாக விடச் சொன்னாராம். கண்ணில் படுகிற பொருள்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லச் சொன்னாராம். முறம், குக்கர், பையனின் சீருடை, ரேஷன் பை, காலண்டர் என்று அண்ணி சொல்லிக்கொண்டே வந்தபோது படபடப்பு அடங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ராத்திரியில் செல்போனில் காய்ச்சல் செய்தி பார்ப்பதையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அரசாங்கம் நடத்துகிற எண்தான் இது. உங்கள் ஆட்டோ மட்டும் அதைச் சொல்ல மாட்டேன் என்கிறது.

நீங்கள் வாய் திறக்காத இடத்தில் வாட்ஸ்அப் வாய் திறக்கிறது. பப்பாளி இலைச் சாறு குடித்தால் கவுண்ட் ஏறும், பக்கத்து ஊரில் மூன்று பிள்ளைகள் செத்துவிட்டார்கள் என்று யார் பேசினார்கள் என்றே தெரியாத ஆடியோ ஊரெல்லாம் சுற்றியது. உண்மையா பொய்யா என்று உங்கள் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கொரோனா காலத்திலும் இதே கதைதான். வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள், உள்ளே இருந்தவர்களிடம் பேச மட்டும் ஆள் வரவில்லை.

அபராதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-லேயே தொடங்கியாயிற்று. எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் எந்த நாளில் வரும் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. வருகிற அன்று டிரம்மில் பிடித்து வைக்காமல் வேறென்ன செய்வது? அந்த டிரம்மில் புழு இருந்தால் எங்களுக்கு நோட்டீஸ். எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு மூடியே கிடையாது, அதற்கு யாருக்கு நோட்டீஸ்? கொசுவுக்கே நேராக ஒன்று அனுப்பிவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. வீடு வீடாக வந்து டார்ச் அடித்துப் பார்க்கிற கொசுப்புழு ஒழிப்புப் பெண்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர்கள் கூலியும் வெயிலும் எங்களுக்குத் தெரியும்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்தது பெரிய விஷயம் இல்லை. பயமுறுத்துகிற அந்த மைக்கிலேயே விவரத்தையும் சொல்லுங்கள். காய்ச்சல் என்றால் நிறையத் தண்ணீர், கஞ்சி, மோர் குடிக்க வேண்டும், கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது என்பது ஒரு வரி. எந்த அறிகுறி வந்தால் ராத்திரியானாலும் கிளம்பி வர வேண்டும் என்பது இன்னொன்று. நோயைப் பற்றிக் கேட்க உங்கள் அலுவலகத்தில் யாருக்குப் போன் செய்வது, பயத்துக்கு 14416 என்பது மூன்றாவது. வதந்தி கிளம்பினால் அன்று சாயங்காலமே மறுத்துச் சொல்லுங்கள்.

முடிந்தால் இன்னொன்று. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கி வைத்ததே பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வாசலுக்கு வருகிற பெண்மணி, "ராத்திரி தூக்கம் வருதா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கும்படி பழக்கிவிடுங்கள். காய்ச்சல் வந்து போன வீடுகளில் அதைக் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள்.

மைக்கில் பேச நேரம் இல்லை, ஆள் இல்லை என்றால் அந்த மூன்று வரியை எழுதி உங்கள் டாக்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக் கொடுத்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை என் தையல் கடைக்கு விடுமுறை. ஆட்டோவில் உட்கார்ந்து நானே படித்துவிடுகிறேன், சம்பளம் வேண்டாம். தயவுசெய்து அடுத்த சுற்று வருவதற்குள் செய்து கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தருமபுரி மாவட்டத்து ஊர் ஒன்றின் தையல்காரன்