பழைய பியோனியைப் பிடுங்கி எறியாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் உங்கள் பத்திரிகையில் வந்த வீட்டுத்தோட்டக் கட்டுரையைப் படித்தேன். கத்தரிக்கும் மிளகாய்க்கும் பாத்தி கட்டும் விதம் நன்றாகச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் பின்வளவில் நிற்கும் பழைய பற்றைகளை முதலில் வேரோடு கிளப்பிவிடச் சொல்லி அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன். அந்தப் பற்றை, பெரிய பெரிய பூக்கள் பூக்கும் குளிர்நாட்டுச் செடியான பியோனியாக (peony) இருந்தால் என்ன செய்வது?

இங்கே கனடாவில், டொரொண்டோவின் ஸ்காபரோவில் நம்மவர்கள் வாங்கும் வீடுகளில் பல 1950களிலும் 60களிலும் கட்டப்பட்டவை. அப்போது குடியிருந்தவர்கள் வேலியோரம் வைத்த பியோனிகள் இன்னும் எத்தனையோ வளவுகளில் நிற்கின்றன. ஐம்பது வருடம் என்பது அதற்குப் பெரிய வயதில்லை. நூறு வருடம் பூத்தவையும் உண்டு. குளிர்காலத்தில் நிலத்துக்கு மேலே ஒன்றும் தெரியாது. ஏப்ரலில் செந்நிற முளைகள் கூராக வெளியே வரும்போது, பழக்கமில்லாதவர்கள் களை என்று நினைத்து மண்வெட்டியைப் போட்டுவிடுகிறார்கள். எங்கள் தெருவிலேயே ட்ரைவ்வேயை அகலமாக்கிக் கல் பதித்த ஒரு வீட்டில், கிண்டியெடுத்த வேர்களைக் கழிவுப் பையில் கட்டி வீதியோரம் வைத்திருந்தார்கள். பார்க்க வயிறு எரிந்தது.

எங்கள் வளவில் நிற்பது வெள்ளை. நடு இதழ்களில் மட்டும் கடுஞ்சிவப்பில் சில தீற்றல்கள் இருக்கும். முன்பு இருந்த மூதாட்டி வைத்தது என்று பக்கத்து வீட்டு இத்தாலிய அம்மா சொன்னார். பூவின் பெயர் அவருக்கும் தெரியாது. ஜூன் மாதம் டொரொண்டோவுக்குக் கிழக்கே உள்ள ஒசாவா நகரில் பியோனி விழா நடக்கும். ஒருமுறை ஒரு பூவை அங்கே கொண்டுபோனேன். வந்திருந்தவர்களில் நெடுங்காலமாகப் பியோனி வளர்க்கும் ஒருவர் பார்த்த உடனேயே "ஃபெஸ்டிவா மாக்சிமா" என்றார். 1851இல் பிரான்சில் வெளிவந்த இனமாம். கடையில் புதிதாக வாங்கினால் நல்ல விலை. அதைவிட, அந்த மூதாட்டி முகர்ந்த அதே வாசம் இன்று எங்கள் சாமியறையில் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

மொட்டில் எறும்பு ஏறுகிறது என்று மருந்து அடிப்பவர்களுக்கும் ஒரு சொல். மொட்டின் வெளிப்புறத்தில் இனிப்பு நீர் கசியும், எறும்பு அதற்காக வருகிறது. பூவுக்கு ஒரு கேடும் இல்லை. எறும்பு வராவிட்டால் மொட்டு விரியாது என்று சிலர் சொல்வதும் சரியில்லை. வீட்டுக்குள் எடுக்கும்போது பூவைத் தலைகீழாகப் பிடித்து உதறினால் போதும். மழை பெய்தால் பெரிய பூக்கள் பாரம் தாங்காமல் நிலத்தில் சாய்ந்துவிடும். மே மாதமே தக்காளிக்கு வைக்கும் கம்பிக்கூட்டை அதற்கும் வைத்துவிடுங்கள். பூ இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடுகிறதே என்று கவலைப்படுபவர்கள், நிறம் தெரிந்து விரலால் அமர்த்தினால் மெத்தென்று இருக்கும் பதத்தில் சில மொட்டுகளை வெட்டி, பேப்பரில் சுற்றி, தண்ணீர் இல்லாமல் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். இரண்டு வாரம் கழித்து எடுத்து, காம்பின் நுனியை வெட்டித் தண்ணீரில் வைத்தால் விரியும்.

சரி, கட்டாயம் அந்த இடம் வேண்டும் என்றால்? செப்டெம்பர் கடைசி வரை பொறுங்கள். தண்டுகளை வெட்டிவிட்டுச் சுற்றிவர அகலமாகத் தோண்டுங்கள். வேர் சின்ன மரவள்ளிக் கிழங்குபோல் தடித்து இருக்கும், இழுத்தால் முறியும். மண்ணைக் கழுவினால் உச்சியில் செந்நிறக் கண்கள், அதாவது அடுத்த வருடம் முளைக்கப்போகும் குருத்துகள், தெரியும். ஒரு துண்டுக்கு மூன்று முதல் ஐந்து கண் இருக்கும்படி கத்தியால் பிரிக்கலாம். மறுபடி நடும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கண்ணுக்கு மேலே இரண்டு அங்குலத்துக்கு மேல் மண் போடக்கூடாது. ஆழமாகப் புதைத்தால் வருடக்கணக்கில் இலை வரும், பூ வராது. ஆறு மணித்தியாலமாவது வெயில் படும் இடம் வேண்டும். நம்மவர்கள் பாசத்தில் அள்ளிக் கொட்டும் மாட்டெருவும் வேண்டாம். நன்றாகப் பூக்க மூன்று வருடம் பிடிக்கும்.

ஊருக்கு ஒரு துண்டு கொண்டுபோகலாமா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ அது பூக்காது. பல வாரக் கடுங்குளிர் கிடைத்தால்தான் கண் விழிக்கும். நாம் இங்கே சலித்துக்கொள்ளும் அந்தக் குளிர்தான் அதற்கு உணவு. அதனால்தான் சொல்கிறேன், இங்கே நமக்குக் கிடைத்திருப்பதை நாமே குப்பையில் போடக்கூடாது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். செப்டெம்பர் மாதம் ஒரு பக்கத்தின் மூலையில் "பியோனி கொடுக்க, எடுக்க" என்று சிறு இடம் ஒதுக்குவீர்களா? வளவைக் கல்லால் மூட இருப்பவர்களும், ஒரு பூங்கன்று கிடைக்காதா என்று இருப்பவர்களும் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க அது போதும். கொடுப்பவர்கள் பட்டியலில் முதல் ஆளாக என்னைப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வெள்ளைப் பியோனி இந்த வருடம் பிரிக்கும் அளவுக்குப் பெருத்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகி
ஸ்காபரோ