துரையைப் பற்றி அப்பா எழுதுவது

அன்பு மகளுக்கு,

அரையாண்டு லீவுக்குப் பிள்ளைகளோடு வருவதாக அம்மாவிடம் சொன்னாயாம். கூடவே, "அந்த வாத்து இருந்தால் திருப்பாதிரிப்புலியூர் பக்கமே வரமாட்டோம்" என்றாயாம். போனில் பேசினால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன். அதனால்தான் கடிதம்.

போன மே மாதம் நடந்தது என் தப்பு. நம் வாத்து துரை ஒற்றைக் குஞ்சாக வந்தது, என் லுங்கி நுனியைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தது. கூஸ் வாத்துக் குஞ்சு பொரிந்ததும் எதைப் பார்க்கிறதோ அதையே தாயாக நினைத்துப் பின்னால் போகும். அதை ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸுக்கு 1973இல் நோபல் பரிசுகூடக் கொடுத்தார்கள். மனிதர்களையே கூட்டமாக நினைத்து வளர்ந்த சேவல் வாத்து, பருவம் வந்ததும் சண்டைக்கும் மனிதர்களையேதான் தேடும். பால்காரரை அது முதல்முதலாக விரட்டியபோது நான் திண்ணையில் உட்கார்ந்து சிரித்தேன். சீறினால் ஆள் ஓடும் என்று அது கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

அந்த மே மாதம் உன் குட்டி முறுக்கும் கையுமாகத் துரைக்குப் பக்கத்தில் போனாள். கழுத்தைத் தரையோடு நீட்டிப் பாம்பு மாதிரி சீறியது. குழந்தை ஓடினாள். தொடையைக் கவ்வி ஒரு திருகு திருகிவிட்டது. அலகின் ஓரமெல்லாம் அரம் மாதிரி பல் பல்லாக இருக்கும். அவள் உயரத்துக்கு அது நிமிர்ந்து நின்றால் அலகு முகத்துக்கே எட்டும். கண்ணில் பட்டிருந்தால்? இன்னும் எனக்கு வயிறு கலங்குகிறது.

இப்போது முருங்கை மரத்தடியில் என் மார்பு உயரத்துக்குக் கம்பி வலை அடித்தாகிவிட்டது. விரல் நுழையாத சின்னக் கண்ணி. கையால் தீனி கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன், தட்டில்தான். எதிர்த்து வந்தால் அடிப்பதில்லை, அடித்தால் வன்மம்தான் ஏறும். கையை விரித்து நிமிர்ந்து நின்று ஓரடி முன்னால் வைக்கிறேன். பெரும்பாலும் பின்வாங்குகிறது.

துணைக்கு ஒரு பெட்டையும் வாங்கினேன். இதைத்தான் அம்மா சொல்லிக்காட்டுகிறாள்: ஒன்றையே மேய்க்க முடியாதவர் இரண்டாக்கிவிட்டாராம். அதிலும் நியாயம் இருக்கிறது. பெட்டை அடையில் உட்கார்ந்தால் 28, 30 நாள் துரைக்கு வெறி இன்னும் ஏறும். நீ வரும்போது அப்படி இருந்தால் வலைப் பக்கம் யாருமே வேண்டாம்.

பெரியவனுக்கு ஒன்பது வயது, சொன்னால் கேட்பான். ஓடாமல், கத்தாமல், முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்னால் நடக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் பக்கத்தில் இருக்கும்போது வலைக்கு மேலாகக் கீரைத்தண்டு போடட்டும், அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். எச்சத்தில் கிருமி இருக்கும். குட்டிக்கு இந்தப் பாடமெல்லாம் வேண்டாம். நாலு வயதுப் பிள்ளையிடம் "ஓடாதே" என்பது வீண். கொல்லைப் பக்கம் போனால் என் இடுப்பில்தான் போவாள்.

"யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்கிறாய். கொடுக்கலாம், குழம்புக்குத்தான் போகும். கெடுத்தது நான், தண்டனை அதற்கா?

டிக்கெட் எடுத்ததும் சொல், ஸ்டேஷனுக்கு வருகிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வலைக் கதவுக்குப் பூட்டும் போட்டாகிவிட்டது. சாவி அம்மாவின் முந்தானை முடிச்சில் இருக்கிறது, என்னை நம்பிக் கொடுக்க மாட்டாளாம்.

அன்புடன்,
அப்பா