ஒட்டுசுட்டான் மக்களுக்கு ஒரு படைவீரர் குடும்பத்தின் நன்றி மடல்

ஒட்டுசுட்டான், நெடுங்கேணி ஊர்களின் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வேலூர் மாவட்டத்திலிருந்து எங்கள் வணக்கம்.

இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையில் இருந்த எங்கள் அப்பா 1988இல் உங்கள் மண்ணில் உயிர்விட்டார். எனக்கு அப்போது பேச்சுகூட வரவில்லை. வந்த தந்தியில் இலங்கை என்பதைத் தவிர இடம் எதுவும் இல்லை. ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணி போகிற ரோட்டில் ஒரு சின்னப் பாலத்தருகே என்று, கூட இருந்தவர் ஒருவர் பல வருடம் கழித்துச் சொன்னார். கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் இருக்கிற அமைதிப்படை நினைவிடத்தில் ஏறக்குறைய 1,200 பேருக்கு நினைவுக்கல் உண்டு. டெல்லியில் 2019இல் திறந்த போர் நினைவிடமும் உண்டு. அம்மாவுக்கு அந்தப் பாலத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பயந்துகொண்டேதான் வந்தோம். அமைதிப்படை இருந்த நாட்களில் இங்கே எத்தனை வீட்டில் இழவு விழுந்தது என்பது எங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டிலும் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. 1990 மார்ச்சில் படை சென்னையில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. அப்பா படத்துக்கு மாலை போடும் நாளில் அம்மா வாசல் கதவைச் சாத்திவிடுவார்.

கடைக்கார ஐயா, நாங்கள் யார் என்று சொன்னதும் நீங்கள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என்ர தம்பியை இந்தியன் ஆமிதான் சுட்டது" என்றீர்கள். சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டி, சைக்கிளை எடுத்து, எங்கள் ஆட்டோவுக்கு முன்னால் மதவடி என்று நீங்கள் சொல்லும் அந்தப் பாலத்தடி வரைக்கும் வந்தீர்கள். வெயிலில் அந்த வயதில் நீங்கள் மிதித்ததை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விளக்கும் எண்ணெயும் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்கா, "அழுங்கோ அம்மா, இஞ்ச ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்று தோளைப் பிடித்துக்கொண்டீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் அடக்கிவைத்த அழுகை அது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது!

தான்தோன்றீஸ்வரர் கோயில் குருக்களுக்கும் நன்றி. மோட்ச விளக்கு ஏற்றும்போது ஐயாவின் தம்பி பெயரையும் சேர்க்கச் சொன்னார் அம்மா. இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் சொன்னீர்கள். காசு வாங்க மறுத்த ஆட்டோத் தம்பிக்கும், மத்தியானம் சோறு போட்ட டீச்சர் அம்மாவுக்கும் நன்றி.

ஐயா, 2009இல் இடம்பெயர்ந்தபோது தம்பியின் படம்கூடத் தொலைந்துவிட்டது என்றீர்கள். திதி மட்டும் சொல்லிவிடுங்கள், எங்கள் வீட்டிலும் இலை போடுகிறோம். கண்ணைக் காட்ட இந்தியா வர வேண்டும் என்றீர்களே, லாட்ஜ் எடுக்காதீர்கள். வேலூரில் நம் வீடு இருக்கிறது.