மல்லிகையை வெட்டிவிட்டேன், அண்ணா

அண்ணா,

குருத்தோலை ஞாயிறு வந்தால் அம்மா போய் ஒரு வருஷம். அதற்குள் எழுதிவிட நினைத்தேன். ஃபோனில் பேசினால் கத்திக்கொள்வோம்.

நான் சென்னைக்கு வரவில்லை. இங்கே பர்மாவில், நம் தான்லின் வீட்டிலேயே இருக்கப்போகிறேன். காரணத்தில் பாதியை இங்கே எழுத முடியாது, உனக்கே தெரியும். மீதிப் பாதி கொல்லையில் நிற்கிறது.

டிசம்பரில் அம்மாவின் மல்லிகையை முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். முதல் கிளையிலேயே நீ வந்து நின்றாய், ஒன்பது வயசுப் பையனாக, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. "இவ்வளவு பச்சையா இருக்கே, ஏம்மா வெட்டுற?" அம்மா ஒரு முற்றிய கிளையை வளைத்து உன் மூக்குக்கு நேரே காட்டினாள். "இதுல இனிமே பூக்காதுடா. புதுத் துளிர்லதான் மொட்டு வைக்கும்." கணுவுக்கு மேலே சாய்வாக ஒரு வெட்டு. அப்புறம் மிச்ச இலையையும் உருவினாள். நீ ராத்திரி சாப்பிடவில்லை.

அங்கேயே என் கை நின்றுவிட்டது. அடக்கத்தன்று உன்னிடம் யோவான் சுவிசேஷம் 15-ஆம் அதிகாரத்தைச் சொன்னேனே, கனி கொடாத கொடியை அறுத்துப்போடுகிறார் என்று. சபையார் பக்கத்தில் நின்று கேட்டார்கள். அதே வசனத்தின் அடுத்த பாதியை விழுங்கிவிட்டேன். கனி கொடுக்கிற கொடிமேலும் கத்தி விழுகிறது. நம் வேதத்தில் அதற்குச் 'சுத்தம்பண்ணுகிறார்' என்று போட்டிருக்கிறது. எந்தக் கொடிக்கு எந்த வெட்டு என்பது தோட்டக்காரருக்குத் தெரியும். நான் யார் சொல்ல? மன்னித்துவிடு. அந்த வசனத்தைச் சபையார் காதுபடச் சொன்னேன், அதனால் மன்னிப்பையும் அவர்கள் பார்க்கவே எழுதுகிறேன்.

ஆனாலும் மூன்று வருஷம் நீ வரவில்லை. விசா, டிக்கெட், நிலவரம், எல்லாம் சரி. ராத்திரியில் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தவள் நான். நீ பணம் அனுப்பினாய். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். பணம் வந்த அன்றைக்கெல்லாம் அம்மா கேட்டது, "பேசினானா?" என்றுதான்.

1964-இல் பெரிய தாத்தா இந்தியாவுக்குக் கப்பலேறினார், நம் தாத்தா இங்கேயே இருந்துவிட்டார். அவர்களில் எந்தக் கொடி அறுபட்டது, எது சுத்தமானது என்று அம்மா ஒருநாளும் பேசியதில்லை. நான்தான் பேசினேன்.

மாட்டெரு வைத்தேன். இப்போது துளிர் நுனிகளில் மும்மூன்றாக மொட்டு. ஞாயிறு ஆராதனைக்கு ஒரு முழமாவது தேறும்.

தரையோடு சாய்ந்த ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் பதியம் போட்டேன். வேர் பிடித்துவிட்டது, மண்ணைக் கிளறிப் பார்த்தேன். இனி தாய்ச்செடியிலிருந்து அறுத்துத் தனியாக வைக்க வேண்டும். அதை நான் செய்ய மாட்டேன், நீ வந்து செய். கத்தி கிணற்றடி மாடத்தில்தான் இருக்கிறது.

தங்கை