சிப்பாயின் உடலில் எடை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்க்காட்சி வரைபவர்கள் பலர் முதலில் கோட்டைவிடுவது எடையில்தான். முதுகில் 25, 30 கிலோ ஏறிவிட்டால் யாரும் நெஞ்சை நிமிர்த்தி நடக்க முடியாது. உடல் இடுப்பிலிருந்து முன்னே சாயும்; பாதையைப் பார்க்க வேண்டுமே, அதனால் கழுத்து மட்டும் மேலே வளையும். முதுகுப்பையின் பட்டை அழுத்தும் இடத்தில் தோள்துணி நசுங்கி, அக்குள் பக்கம் மடிப்புகள் குவியும். இவற்றை விட்டுவிட்டு உருவத்தை ஒன்பது தலை உயரத்துக்கு (தலையின் நீளமே ஓவியரின் அளவுகோல்) நீட்டினால் வருவது சிப்பாய் அல்ல, சுவரொட்டி நாயகன். சராசரி ஆள் ஏழரைத் தலை உயரம்தான்.

ரத்தத்துக்கு வண்ணக் குழாயிலிருந்து பிதுக்கிய சிவப்பை அப்படியே பூசுகிறார்கள். காக்கித் துணியில் ஊறிய ரத்தம் ஏறக்குறையக் கறுப்பு, காய்ந்தால் பழுப்பு. பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பில் துளி அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பு போதும். மல்லாந்து கிடக்கும் சடலத்தின் பாதங்கள் பெரும்பாலும் வெளிப்பக்கம் சரிந்திருக்கும், தாடை தொங்கும். தூங்குபவரைப் போல வரைந்துவிட்டு அதைக் கண்ணியம் என்பது எனக்கு உடன்பாடில்லை.

முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களை பாஸ்டல் என்ற வண்ணக்குச்சியால் வரைந்த ஆங்கில ஓவியர் ஹென்றி டாங்க்ஸ் அறுவை மருத்துவரும்கூட. கறுப்பு வெள்ளைப் புகைப்படம் காட்டாத சதையின் நிறம் அந்தப் படங்களில் இருக்கிறது. ஜெர்மன் ஓவியர் ஓட்டோ டிக்ஸ் 1924இல் வெளியிட்ட 50 போர்ப் பொறிப்போவியங்களின் (உலோகத் தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து, மை பூசி அச்சிடுபவை) வழி வேறு. தகடு அமிலத்தில் கூடுதல் நேரம் கிடந்தால் கோட்டின் ஓரம் அரிபட்டு மை திட்டாகப் பிடிக்கும். அழுகும் உடலுக்கு அந்தச் சிதைவே பொருந்துகிறது.

இத்தகைய படங்களை உங்கள் இதழில் தபால்தலை அளவில் அச்சிட்டால் இந்த நுணுக்கமெல்லாம் அச்சுப் புள்ளிகளில் கரைந்துவிடும். ஒன்றையாவது அரைப்பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்